நாற்றங்கால் இல்லாத நெல்: நேரடி விதைப்புக்கு ஏற்ற இரகம் உருவாகும் வகை

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

நெல், அரிசி, சோறு என ஒரே பொருளின் மூன்று நிலைகளைத் தமிழ் மூன்று சொற்களால் குறிக்கிறது. மலாய் மொழியும் இவ்வாறே பாடி, பெராஸ், நாசி என மூன்றாகப் பிரித்து வழங்குகிறது. வயலில் நிற்பது வேறு, கடையில் விற்பது வேறு, இலையில் இடுவது வேறு என்பதை உணர்ந்த மக்களின் மொழிகள் இவை. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் மாணவருள் பெரும்பாலோர் அறிந்தவை அரிசியும் சோறும்தாம். நெல் என்பது அவர்களுக்குப் பாடநூலில் மட்டும் காணும் சொல்லாகிவிட்டது.

அந்த மறதியின் விலையை நாம் 2023ஆம் ஆண்டில் சற்றே உணர்ந்தோம். அவ்வாண்டு சூலை 20ஆம் நாள் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தது. செப்டம்பர் முதல் நாள் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையைப் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளை அரிசியோ கிலோ 2.60 ரிங்கிட் என்னும் கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. விலை குறைந்த அரிசியை அனைவரும் நாடவே, கடைகளில் அது கிடைப்பது அரிதாயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்நாட்டு அரிசி மூட்டை எந்தக் கடைக்கு வந்துள்ளது என மக்கள் விசாரித்துத் திரிந்த நாள்கள் அவை. நாட்டின் அரிசித் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. எஞ்சியதை விளைவிக்கும் வயல்களில் பெரும்பாலானவை இன்று நாற்று நடப்படாதவை. விதை நேரடியாகத் தூவப்படுபவை. அவ்வயல்களுக்கு ஏற்ற நெல்லை அறிவியலார் எவ்வாறு உருவாக்கினர், அதில் எவ்வளவு வென்றனர், எங்கே இடறினர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ‘நேரடி’ என்னும் அடைமொழி

‘நேரடி நெல் விதைப்பு’ என்னும் தொடரை நோக்குக. விதைப்பு என்றாலே விதையை நிலத்தில் இடுவதுதான். அதற்கு ‘நேரடி’ என்னும் அடைமொழி எதற்கு? நாற்றங்காலில் விதைத்து, முளைத்து வளர்ந்த நாற்றைப் பறித்து, வேறு வயலில் நடுவதே நன்செய் வேளாண்மையின் இயல்பான முறை என்று ஆகிவிட்ட பிறகுதான், அவ்வாறு நடாமல் விதைப்பதைப் பிரித்துக் காட்ட ஓர் அடைமொழி தேவைப்பட்டது. மலாயிலும் தூவுதலைக் குறிக்கும் ‘தாபுர்’ என்னும் சொல்லோடு ‘தெருஸ்’ என்னும் அடைமொழி சேர்ந்து ‘தாபுர் தெருஸ்’ என வழங்குகிறது.

ஆனால் முறை புதியதன்று. மழையை நம்பிய நிலங்களில் உழுது காய்ந்த புழுதியில் விதைப்பதைப் புழுதி விதைப்பு என்றும், நீர் பாய்ச்சிச் சேறாக்கிய நிலத்தில் முளைகட்டிய விதையைத் தூவுவதைச் சேற்று விதைப்பு என்றும் தமிழ் உழவர் வழங்குவர். இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் புழுதி விதைப்பு இன்றளவும் பெருவழக்கு. மலேசியாவின் பாசன வயல்களில் மிகுதியாக நடைபெறுவது சேற்று விதைப்பாகும். ஒன்றில் விதை மழைக்காகக் காத்திருக்க வேண்டும். மற்றொன்றில் விதை நீரில் மூழ்கும் இடரை எதிர்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டிற்கும் வேண்டிய இரகங்கள் ஒன்றல்ல.

3. நடவு செய்துவந்த வேலைகள்

நேரடி விதைப்புக்குத் தனி இரகம் ஏன் வேண்டும் என்பதை அறிய, நடவு என்னும் செயல் பயிருக்கு என்னென்ன நன்மை செய்துவந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முதலாவது, களையை வெல்லுதல். ஏறத்தாழ மூன்று வாரம் வளர்ந்த நாற்று வயலில் நடப்படும்போது களைகள் இன்னும் முளைக்கவே தொடங்கியிரா. நட்டவுடன் நீரைத் தேக்கிவிட்டால் பல களைவிதைகள் முளைக்கவும் இயலாது. இரண்டாவது, ஊன்றுதல். நாற்றின் வேர் சேற்றினுள் செலுத்தப்படுவதால் வளர்ந்த பயிர் எளிதில் சாய்வதில்லை. மூன்றாவது, இடைவெளி. செடிக்குச் செடி இடம் விட்டு நடுவதால் ஒவ்வொன்றும் வேண்டிய தூர் கட்டுகிறது. நான்காவது, காலம். நாற்றங்காலில் கழியும் மூன்று வாரமும் நடவு வயல் வேறு பணிக்குப் பயன்படும். ஐந்தாவது, தெரிதல். வரிசையில் நிற்பது பயிர், வரிசைக்கு வெளியே நிற்பது களை என்று பார்த்தவுடன் அறியலாம்.

இவ்வைந்தும் மனிதக் கைகள் செய்த வேலைகள். பெரும்பாலும் பெண்களின் கைகள். அக்கைகள் வயலை விட்டு நீங்கியபோது, வேலைகளை யார் செய்வது என்னும் வினா எழுந்தது. அதற்கு அறிவியலார் தேடிய விடைகளுள் ஒன்றுதான், விதையையே அவ்வேலைகளைச் செய்ய வைப்பது.

4. மூடாவில் நிகழ்ந்த மாற்றம்

கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள மூடா பாசனத் திட்டம் நாட்டின் தலையாய நெற்களஞ்சியமாகும். பெடு, மூடா அணைகள் கட்டப்பட்டு 1970இல் அங்கு ஆண்டுக்கு இருபோகச் சாகுபடி தொடங்கிற்று. ஒரு போகம் இருபோகமானபோது நடவு வேலையும் இரட்டித்தது. அதே பத்தாண்டில் பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்து, இளைஞரையும் இளம்பெண்களையும் ஈர்த்துக்கொண்டன. வயலில் ஆள் குறைந்தது; கூலி ஏறிற்று.

1970களின் இறுதியில் மூடாவில் நேரடி விதைப்பு மிகச் சிறு பரப்பிலேயே இருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது பெரும்பகுதி வயல்களைக் கைக்கொண்டது. இதனை வெற்றி என்று மட்டும் கூறுதல் முறையாகாது. 1978 முதல் 1980 வரை மூடாப் பகுதியின் ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், நடவும் அறுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு எத்துணை இன்றியமையாத வருவாயாக இருந்தன என்பதையும், அறுவடை இயந்திரம் வந்தபின் அவ்வருவாய் எவ்வாறு கரைந்தது என்பதையும் பதிவு செய்துள்ளார். ஆள் கிடைக்காமையால் நில உடைமையாளர் நடவைக் கைவிட்டனர் என்பது ஒரு பக்கம். வேலை கிடைக்காமையால் கூலிப் பெண்கள் வருவாயை இழந்தனர் என்பது மறுபக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் பட்ட துன்பத்தை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

5. மசூரியும் பொன்னியும்

விதைக்கும் முறை மாறியது. விதை மாறாதிருந்தால் என்னாகும்? நம் வீட்டுச் சோற்றையே சான்றாகக் கொள்வோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் முயற்சியால், இந்தியாவின் கட்டாக் நகரிலுள்ள நடுவண் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இண்டிகா, ஜப்பானிகா என்னும் இருவகை நெற்களையும் கலப்பினம் செய்யும் திட்டம் நடைபெற்றது. தைவானின் தைச்சுங் 65 என்னும் ஜப்பானிகா நெல்லும், மலாயாவின் மாயாங் எபோஸ் என்னும் நாட்டு நெல்லும் அங்குக் கலக்கப்பட்டன. அவ்வழித்தோன்றல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரகம் 1965இல் மலேசியாவில் மசூரி என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் பெண்ணின் பெயர் அது. தமிழ்நாட்டின் ஆடுதுறை 27 என்னும் புகழ்பெற்ற நெல்லும் இக்கலப்பினத் திட்டத்தின் பயனே.

மசூரி மலேசியாவோடு நிற்கவில்லை. இந்தியாவிற்கும் சென்றது. அதன் வழிவந்த தேர்வே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி. காவிரிக்குரிய பெயரைத் தாங்கி, தமிழ்நாட்டு அரிசியாக, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பொன்னியின் முன்னோருள் ஒன்று இந்த மண்ணின் நெல்லாகும். வாழையிலையில் நாம் உண்ணும் சோறு, நாம் எண்ணுவதைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய உறவு.

சுவையில் குறையில்லாத இவ்வினத்திற்கு நேரடி விதைப்பில் இரு குறைகள் உண்டு. மசூரியும் பொன்னியும் உயரமாக வளர்பவை, தண்டு மெலிந்தது. உரம் மிகுந்தாலும் காற்று வலுத்தாலும் சாய்ந்துவிடும். மேலும், பொன்னி முதிர நான்கரை மாதமாகும். சேற்றின் மேற்பரப்பில் விதை தூவப்படும்போது வேர் ஆழமாகச் செல்லாததால், சாயும் குறை இன்னும் பெருகும். நடவுக்கு நன்றாயிருந்த நெல் விதைப்புக்கு நன்றாயிராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

6. விதையில் ஏற்ற வேண்டிய பண்புகள்

நடவு செய்த ஐந்து வேலைகளையும் விதை ஏற்கவேண்டுமானால் அதன்பால் சில பண்புகள் அமைதல் வேண்டும்.

முதலில், விரைந்து முளைத்துக் களையை முந்த வேண்டும். இலை விரைவில் பரந்து மண்ணை மூடினால் களைக்கு வெயில் கிடையாது. அடுத்து, நீரடியிலும் முளைக்கும் ஆற்றல் வேண்டும். விதைத்தவுடன் நீரைத் தேக்கினால் களை அடங்கும். ஆனால் உயிர்வளி கிட்டாமல் பெரும்பாலான நெல் விதைகளும் மடியும். மியன்மார் நாட்டு நெல்லான காவ் லான் ஆனில் இவ்விடர் தாங்கும் மரபணு ஒன்று கண்டறியப்பட்டு, 2015இல் அதன் செயல் விளக்கப்பட்டது. விதையிலுள்ள மாவுப்பொருள் விரைந்து சர்க்கரையாகி முளைக்குருத்துக்குச் செல்ல அம்மரபணு துணைசெய்கிறது. குருத்து நீண்டு நீர்மட்டத்தை எட்டினால், மூக்கை வெளியே நீட்டிய நீச்சற்காரரைப் போல மூச்சு விட்டுக்கொள்ளும்.

மூன்றாவதாக, தண்டு தடித்துக் குட்டையாக இருத்தல் வேண்டும். நான்காவதாக, கதிர் பெரிதாதல் வேண்டும். நெருக்கமாக விதைத்த வயலில் ஒரு செடி சில தூர்களையே கட்டும். ஆகவே விளைச்சல் தூரின் எண்ணிக்கையால் அன்றிக் கதிரின் கனத்தால் வரவேண்டும். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இக்கருத்தைக் கொண்டு 1989இல் ‘புதுவகைப் பயிர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சில தூர், தடித்த தண்டு, ஒரு கதிரில் இருநூறுக்கும் மேற்பட்ட மணி என்பது அதன் இலக்கு. ஆனால் முதலில் உருவான பயிர்களில் மணிகள் நிரம்பவில்லை, பல பதராயின. கதிரைப் பெரிதாக்குவது வேறு, அதனை நிரப்புவது வேறு என்பதை அறிவியலார் கற்றனர். ஐந்தாவதாக, நாற்றங்காலில் கழிந்த மூன்று வாரமும் இப்போது வயலிலேயே கழிவதால், இருபோகத்திற்கு இடம் தர இரகம் குறுகிய காலத்தில் முதிர்தல் வேண்டும்.

7. எம்.ஆர். 219

இப்பண்புகளை ஒருங்கே கொண்டுவர முயன்ற மலேசிய இரகங்களுள் எம்.ஆர். 219 தலையாயது. செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி, எம்.ஆர். 137, எம்.ஆர். 151 என்னும் தன் இரு இரகங்களைக் கலந்து இதனை உருவாக்கி 2001இல் வெளியிட்டது.

கலப்பு என்பது நுண்ணிய கைவேலை. நெற்பூவில் சூலகமும் ஆறு மகரந்தப் பைகளும் இரண்டு உமிகளுக்குள் ஒருங்கே அமைந்துள்ளதால், நெல் இயல்பாகவே தன் மகரந்தத்தால் தானே கருவுறும். எனவே பூ விரியுமுன் உமியின் நுனியை வெட்டி, ஆறு பைகளையும் அகற்றி, பிற மகரந்தம் படாதபடி உறையிட்டு மூடுவர். பின் தந்தையாக வேண்டிய செடியின் மகரந்தத்தை அதன்மேல் தூவுவர். இதிலிருந்து வரும் முதல் தலைமுறைச் செடிகள் ஒரே சாயலில் இருக்கும். இரண்டாம் தலைமுறையில்தான் இரு பெற்றோரின் பண்புகளும் சிதறிப் பல்வேறு சேர்க்கைகளாக வெளிப்படும். அவற்றுள் நல்லனவற்றைத் தெரிந்து, விதை எடுத்து, மீண்டும் விதைத்து, மீண்டும் தெரிந்து, ஆறேழு தலைமுறைகள் சென்றபின்பே பண்புகள் நிலைபெறும். அதன்பின் பல வட்டாரங்களில், பல பருவங்களில் விளைச்சல் சோதனை. இவ்வாறு ஓர் இரகம் வெளிவரப் பத்தாண்டுகள் ஆவது இயல்பு.

இங்கே மாணவர் உளங்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. எந்த வயலில் நிறுத்திச் செடியைத் தெரிகிறோமோ, அந்த வயலுக்கு ஏற்ற செடியே நம் கைக்கு வரும். இடம் விட்டு நட்ட வயலில் தெரிந்தால், இடம் கிடைத்தபோது சிறக்கும் செடியைத் தெரிந்தவராவோம். அச்செடி நெருக்கத்தில் சிறக்கும் என்பதற்கு உறுதியில்லை. நேரடி விதைப்பை மனத்திற்கொண்டே உருவாக்கப்பட்டது என்பதில்தான் எம்.ஆர். 219இன் சிறப்பு அடங்கியுள்ளது. அது 105 முதல் 111 நாள்களில் முதிரும். கதிர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 மணிகள். நன்கு பேணிய வயலில் ஹெக்டேருக்குப் பத்து டன் விளைச்சல் தரும் ஆற்றலும் உண்டு. சில ஆண்டுகளில் நாட்டின் வயல்களில் பெரும்பகுதியை அது நிரப்பியது. அதே பெற்றோர்க்குப் பிறந்த எம்.ஆர். 220 என்னும் உடன்பிறப்பு 2003இல் வெளிவந்தது.

8. காற்று நெல்

ஐந்து வேலைகளுள் நான்கை விதை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. ஐந்தாவதாகிய ‘தெரிதல்’ ஏற்கப்படவில்லை. அங்கேதான் இடறல் நேர்ந்தது.

கிள்ளானிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் கோலசிலாங்கூரைக் கடந்து தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்வெளிகள் விரியும். சிலாங்கூரின் இந்த வடமேற்குப் பாசனப் பகுதியில்தான் 1988இல் களைநெல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது மூடாவிலும் தோன்றிற்று. மலாயில் இதற்குப் ‘பாடி ஆஙின்’ என்று பெயர். காற்று நெல் என்பது பொருள். அறுவடைக்கு முன்பே, காற்று அசைத்த அளவில் அதன் மணிகள் உதிர்ந்துவிடும். உழவர் இட்ட இப்பெயரில் அக்களையின் வாழ்க்கைமுறை முழுதும் அடங்கியுள்ளது. உதிர்ந்த மணி மண்ணில் கிடந்து அடுத்த போகத்தில் பயிரோடு சேர்ந்து முளைக்கும். அதுவும் நெல்லினமே ஆதலால், பூக்கும் வரை அதனைப் பயிரினின்றும் பிரித்தறிதல் அரிது. நெல்லை விட்டுவிட்டு நெல்லை மட்டும் கொல்லும் மருந்து ஏது?

இதற்கும் விதையிலேயே விடை தேடினர். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட, இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ஒன்றை எம்.ஆர். 220உடன் மார்டி கலந்தது. இயற்கையிலும் நிகழக்கூடிய ஒரு மரபணுத் திரிபால் வந்த தாங்குதிறன் இது. பிற உயிரின் மரபணு இதில் சேர்க்கப்படவில்லை. அவ்வாறு உருவான இரகங்கள் 2010இல் உழவர்க்கு வழங்கப்பட்டன. மருந்து தெளித்தால் பயிர் நிற்கும், களைநெல் மடியும். முதற் பருவங்களில் பயன் கண்கூடாகத் தெரிந்தது.

ஆனால் பயிர்நெல்லும் களைநெல்லும் ஓரினம். அருகருகே பூக்கும்போது ஒன்றன் மகரந்தம் மற்றொன்றை அடைவது சிற்றளவில் நிகழவே செய்யும். ஒரே மருந்தை இடைவிடாது தெளிக்கும்போது, தாங்கும் களை மட்டுமே எஞ்சிப் பெருகும். எனவேதான் இந்த இரகத்தைத் தொடர்ந்து பல போகம் விதைக்கலாகாது, தூய விதையையே பயன்படுத்த வேண்டும் என்று உழவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. அவ்வறிவுரை எங்கும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. பத்தாண்டு நிறையுமுன் அம்மருந்துக்கு மடியாத களைநெல் மலேசிய வயல்களில் கண்டறியப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், இரகத்தை உருவாக்குதல் வீண் என்பதன்று. எம்.ஆர். 219 இல்லையேல் நடவு நின்றுபோன வயல்கள் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையின் வேலைகளுள் பலவற்றை விதைக்குள் ஏற்றலாம். ஆனால் கண்ணின் வேலையை ஏற்ற முடியாது. நிலத்தைச் சமன் செய்தல், நீரை உரிய நாளில் தேக்குதல், விதையின் தூய்மையைச் சோதித்தல், இரகத்தை மாற்றி விதைத்தல் ஆகியவை உழவரின் அறிவில் நிற்பவை. அவ்வறிவு சொற்களின் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்கிறது. ‘காற்று நெல்’ என்னும் ஒரு சொல், அறுப்புக்கு முன் வயலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை உழவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

9. வகுப்பறைக்கு ஒரு சோதனை

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் மூன்று கண்ணாடிக் குவளைகளை வையுங்கள். முதலாவதில் ஈரப் பஞ்சின்மேல் பத்து நெல்மணிகள். இரண்டாவதில் பத்து நெல்மணிகள், அவற்றின்மேல் ஒரு சாண் உயரத்திற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீர். மூன்றாவதில் ஈரப் பஞ்சின்மேல் கடையில் வாங்கிய வெள்ளை அரிசி பத்து. ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

முதலாவதில் வேரும் குருத்தும் தோன்றும். இரண்டாவதில் முளைப்பவை உண்டென்றால், அவற்றில் வேர் தோன்றாமல் வெண்ணிறக் குருத்து மட்டும் மேல்நோக்கி நீள்வதைக் காணலாம். நேரடி விதைப்பின் சிக்கல் முழுதும் அந்த மெல்லிய குருத்தில் இருக்கிறது. மூன்றாவதில் ஒன்றும் முளையாது. ஏன் என்று மாணவர் கேட்பர். தீட்டும்போது கரு நீங்கிவிட்டது என்று விளக்குங்கள். நெல்லுக்கும் அரிசிக்கும் நம் மொழி ஏன் இரண்டு பெயர் வைத்தது என்பதை அதன்பின் அவர்களே சொல்வர்.